துப்பாக்கிக்குப் பக்கத் தகடு வந்த கதை

அந்தக் காலத்தில் காட்டுப்பன்றிக்கும் பேச்சு வரும், அதுவும் வாய் ஓயாத பேச்சு. மலையடிவாரத்தில் இசக்கி ஆசாரி சோளம் போட்டிருந்தார். பன்றி தினமும் வந்து மேய்ந்தது. மேய்ந்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, வேலியோரம் நின்று ருசியும் சொல்லிவிட்டுப் போகும்.

பன்றியைச் சுடும் உரிமை ஜமீன்தார் ஒருவருக்குத்தான். ஆகவே ஆசாரி உயிரைக் கொடுத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று செய்து அவரிடம் கொடுத்தார். ஜமீன்தாரோ அரண்மனை ஓவியர்களைக் கேட்காமல் மூக்குகூடச் சிந்தமாட்டார். அப்போது ஓவியர்களுக்கு இலையும் பூவுமாகக் கொடி வரையும் பித்து. சுவரெல்லாம் கொடி, கதவெல்லாம் கொடி. குழலிலும் கொடி வேண்டுமென்று துப்பாக்கி திரும்பி வந்தது.

செதுக்கிக் கொடுத்தார். அதற்குள் ஓவியர்களுக்குக் கொடி புளித்துவிட்டது. இனி நேர்கோடும் சூரியக் கதிரும்தான் அழகாம். கொடியை அரத்தால் அராவிவிட்டுக் கோடு போட்டார். பிறகு அலங்காரமே அநாகரிகம், மொட்டைதான் அழகு என்றார்கள். கோட்டையும் அராவினார். அராவ அராவ இரும்பு மெலிந்தது. சோளமும் பாதிக்கு மேல் போய்விட்டது.

பன்றி அக்கறையாக விசாரித்தது. "ஆசாரியாரே, இந்த வாட்டி என்ன மோஸ்தரு?"

ஆசாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஜமீன்தார் துப்பாக்கியோடு நேரிலேயே வந்து நின்றார். ஓவியர்கள் மறுபடி கொடிக்கே வந்துவிட்டார்களாம்.

"எசமான், இன்னொரு தடவை அரம் வெச்சா குழல் உங்க மூஞ்சியிலதான் வெடிக்கும்" என்றார் ஆசாரி.

சொன்னவர் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், தாம் சோறு தின்னும் பித்தளைத் தட்டை எடுத்து வந்தார். அதை வெட்டிக் கொடி செதுக்கி, துப்பாக்கியின் பக்கவாட்டில் திருகாணி போட்டு முடுக்கினார்.

"மோஸ்தர் மாறினா தகட்டைக் கழட்டி அனுப்புங்க. குழல்ல இனி கை வெக்க மாட்டேன்."

ஜமீன்தார் தகட்டை வெயிலில் காட்டிக் காட்டி ரசித்தார். பன்றிக்கு வாய் சும்மா இருக்குமா? வேலியைத் தாண்டிக் கிட்டே வந்து, இலை ஒன்று கோணல் என்றது. சோளம் போனதற்கு வராத கோபம் ஜமீன்தாருக்கு இப்போது வந்துவிட்டது. சுட்டார். ரவை பன்றியின் காதைப் பிய்த்துக்கொண்டு போனது. அது காட்டைப் பார்த்து ஓடியே போயிற்று.

மீதிச் சோளம் வீடு வந்தது. தட்டு இல்லாததால் ஆசாரி இலையில் போட்டுச் சாப்பிட்டார்.

அன்று முதல்தான் ஓவியர்களின் பித்தெல்லாம் துப்பாக்கியின் பக்கத் தகட்டோடு நின்றுவிடுகிறது, குழல் மொட்டையாகவே இருக்கிறது. காட்டுப்பன்றியும் எதையும் பார்த்துக் கருத்துச் சொல்லாமல் வெறுமனே உறுமிவிட்டுப் போகிறது.