கீழே போனால் கிழக்கு

"கீழே போனால் கிழக்கு, மேலே போனால் மேற்கு..." மான் கூட்டத்தின் பழைய தலைவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு இன்னொரு வரியும் உண்டு. ஆனால் பல்லெல்லாம் போன வாயில் அந்த வரி குழறிவிடும். கேட்ட மான்கள் தெளிவாகக் காதில் விழுந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டன. பழைய தலைவரும் ஒருநாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளத்தைச் சுற்றி நாற்பது புள்ளிமான்கள். புதிய தலைவன் பெயர் கொம்பழகன். பெயருக்கு ஏற்ற கொம்புதான். ஆனால் அவனுடைய பெருமை கொம்புக்கு மேலே இல்லை, கொம்புக்குக் கீழே மண்டைக்குள் இருந்தது. அவன் கேள்விப்பட்ட எதையும் மறக்கமாட்டான்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் எல்லோரும் தண்ணீர் குடிக்க வரும்போது கொம்பழகன் பாறை மேல் ஏறி நின்று கேள்வி கேட்பான். சரியான பதில் சொன்னவர்தான் முதலில் தண்ணீரில் வாய் வைக்கலாம்.

"சிலந்திக்குக் கால் எத்தனை?"

"எட்டு!"

"மீன் எதனால் மூச்சு விடும்?"

"செவுளால்!"

"வண்ணத்துப்பூச்சி எதனால் ருசி பார்க்கும்?"

"காலால்!"

வழியில் போகிற யானைகள்கூட நின்று கேட்டுவிட்டுப் போகும். "இந்தக் குளத்து மான்களுக்குத் தெரியாத விஷயமே இல்லைப்பா" என்று பக்கத்துக் காடுகளில் பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் கொம்பழகனின் கழுத்து இரண்டு விரற்கடை உயர்ந்துவிடும். உயராமல் என்ன செய்யும்? நாற்பது பேரையும் தேற்றியவன் அவன்.

குளத்தில் கடைசியாகத் தண்ணீர் குடிப்பவன் எப்போதும் ஒருவன்தான். மொட்டைவாலன் என்கிற காட்டுப்பன்றி.

"வானவில்லில் எத்தனை நிறம், மொட்டைவாலா?"

"எண்ணல, வாத்தியாரே. வானவில் வந்தப்ப நான் சேத்துல புரண்டுக்கிட்டிருந்தேன்."

"ஏழு!" என்று நாற்பது மான்களும் கத்தும். மொட்டைவாலன் வெட்கப்படாமல் கடைசியில் போய்க் கலங்கின தண்ணீரைக் குடிப்பான். அவனுக்குக் கலங்கின தண்ணீர்தான் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும்விட அந்த மான்களுக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு.

"நம்ம ஓடை எந்தப் பக்கம் ஓடுது?"

"கிழக்கே!"

"ஏன்?"

"கீழே போனால் கிழக்கு, மேலே போனால் மேற்கு!"

அதில் தப்பில்லை. அவர்களுக்கு மேற்கே மலை, கிழக்கே சமவெளி, அதையும் தாண்டிக் கடல். தண்ணீர் மேலிருந்து கீழே, மேற்கிலிருந்து கிழக்கே ஓடியது. மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. திசையின் பெயருக்குள்ளேயே வழி இருந்தது.

ஒரு வருஷம் வைகாசி முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. ஓடை வற்றியது. குளம் குட்டையானது, குட்டை சேறானது. மொட்டைவாலனுக்கே சேறு போதவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொம்பழகன் கூட்டத்தைக் கூட்டினான். "ஆனி மாசம் மழை முதலில் எங்கே பெய்யும்?"

"மலைக்கு அந்தப் பக்கம்! மேற்கே!"

"அப்ப நாம எங்கே போகணும்?"

"மேலே!"

நாற்பது மான்களும் ஒரு பன்றியும் மலை ஏறின. இரண்டு நாள் ஏறிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால், கொம்பழகன் சொன்னது சொன்னபடியே இருந்தது. மழையோ மழை. பாறைக்குப் பாறை அருவி. மான்கள் வயிறு முட்டக் குடித்தன. கொம்பழகனின் தங்கை மஞ்சாடி, ஈரம் சொட்டச் சொட்ட வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, படிப்புன்னா இதுதான். இன்னிக்கு நாப்பது உயிரைக் காப்பாத்தியிருக்கு."

அன்றைக்குக் கொம்பழகனின் கழுத்து நான்கு விரற்கடை உயர்ந்தது.

பதினைந்து நாள் போனது. வெயில் முகமே தெரியவில்லை. புல்லைவிட அட்டைதான் அதிகம். காதுக்குள், குளம்பு இடுக்கில், மூக்கு நுனியில் என்று எங்கே பார்த்தாலும் அட்டை. அப்போது கிழக்கிலிருந்து பறந்து வந்த கிளிக்கூட்டம் ஒன்று சேதி சொன்னது. "உங்க பக்கம் இடிமழை கொட்டித் தீத்துடுச்சு. குளம் நிறைஞ்சு கிடக்கு."

ஊருக்குத் திரும்பலாம் என்று கிளம்பும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காட்டுக்குள் யாரோ சீட்டியடிப்பது போல. செந்நாய்கள் அப்படித்தான் ஒன்றையொன்று கூப்பிடும்.

மான்கள் ஓடின. மூன்று நாள் ஓட்டம். ஏறின, இறங்கின, வளைந்தன, நீரைத் தாண்டின. சீட்டிச் சத்தம் ஓய்ந்து நின்று பார்த்தபோது, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று மூடுபனி. எங்கே நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மஞ்சாடி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். அவள் இன்னும் ஒரு வாரத்தில் குட்டி போடப் போகிறவள்.

"அண்ணா, இன்னொரு ஓட்டம் என்னால முடியாது. நேரா ஊருக்குக் கூட்டிட்டுப் போ."

கொம்பழகன் நிமிர்ந்து நின்றான். "நம்ம ஊர் எந்தத் திசை?"

"கிழக்கு!" பயத்திலும் பதில் வந்தது.

"கிழக்கு எந்தப் பக்கம்?"

"கீழே!"

"அவ்வளவுதான். இறங்குங்க."

மொட்டைவாலன் மட்டும் அசையவில்லை. "வாத்தியாரே, ஒரு சந்தேகம். வரும்போது மூச்சு வாங்க ஏறினோம். அப்புறம்தான் இறங்கினோம். அப்ப திரும்பிப் போறதுன்னா முதல்ல ஏறத்தானே வேணும்?"

"மூணு நாள் தலைதெறிக்க ஓடியிருக்கோம். மலையை எப்பவோ சுத்தி வந்திருப்போம். நாம எங்க நிக்கிறோம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவன் தெரிஞ்சவன் பின்னால வரணும். வானவில்லை எண்ணத் தெரியல, வழி சொல்ல வந்துட்டான்."

மான்கள் சிரித்தன. மொட்டைவாலன் வாலை ஆட்டப் பார்த்தான், ஆட்ட வால் இல்லை, பின்னாலேயே வந்தான்.

இறங்கினார்கள். காட்டின் வாசனை மாறவேயில்லை. அட்டையும் குறையவில்லை. நம் பக்கம் இறங்கினால் இந்நேரம் முள்மரம் வந்திருக்க வேண்டுமே என்று கொம்பழகனுக்கு மனசுக்குள் ஒரு நெருடல். பழைய தலைவரின் கடைசி வரியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். வரவில்லை. சொன்னதை மாற்றிச் சொன்னால் நாற்பது பேரும் என்ன நினைப்பார்கள்? அந்த நினைப்பு வந்ததும் நடையை இன்னும் வேகமாக்கினான்.

அப்போது சீட்டிச் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து அல்ல, கீழேயிருந்து.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். பக்கத்தில் ஒரு செங்குத்துப் பாறை. அதன் பாதி உயரத்தில், கால் வைக்க இடமே இல்லாத இடத்தில், ஒரு வரையாடு நின்று சாவகாசமாகப் புல் மென்றுகொண்டிருந்தது.

"யாருப்பா அது, செந்நாய் வாய்க்குள்ள வரிசையில போறது?" என்றாள் வரையாட்டுக்காரி.

"நாங்க கிழக்கே போறோம்" என்றான் கொம்பழகன்.

"கிழக்கேயா? இப்படியா?"

"ஆமாம். கீழே போனால் கிழக்கு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "தம்பி, நான் பொறந்தது மலை உச்சியில. எனக்கு இந்தப் பக்கமும் கீழதான், அந்தப் பக்கமும் கீழதான். உன் கணக்குப்படி எனக்கு ரெண்டு கிழக்கா?"

பதில் இல்லாமல் நிற்பது கொம்பழகனுக்கு அதுதான் முதல் தடவை. நாற்பது ஜோடிக் கண்கள் அவன் மேல் இருந்தன. "எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றான் மெதுவாக.

"உங்க ஊர்ல அது சரியா இருக்கும். இது உங்க ஊரா?"

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று மலையேறி வந்தது. மூடுபனி விலகியது. பதினெட்டு நாளாக ஒளிந்திருந்த சூரியன் வெளியே வந்தான். சிவப்பாக, பெரிதாக, கீழே, வெகு கீழே, மரங்களுக்கும் வயல்களுக்கும் அப்பால் மின்னிய கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தான்.

கொம்பழகன் பார்த்தான். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்டான்.

"சூரியன் மறையிற திசை எது?"

நாற்பது மான்களும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே கடலைப் பார்த்தன. பார்த்துக்கொண்டே சொன்னன: "மேற்கு!"

"அப்ப நான் உங்களை எங்கே கூட்டிட்டுப் போனேன்?"

மஞ்சாடிதான் சொன்னாள். "மேற்கே, அண்ணா. தப்பான பக்கம்."

தலைவனின் முகத்துக்கு நேராகத் தப்பு என்று அந்தக் கூட்டத்தில் இதுவரை யாரும் சொன்னதில்லை. கொம்பழகனுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் நெஞ்சுக்குள் வேறொன்று நிமிர்ந்தது. யானைகள் நின்று கேட்டபோதுகூட அவன் இத்தனை பெருமைப்பட்டதில்லை. அவன் வாயைப் பார்த்துப் பதில் சொன்னவர்கள், இன்றைக்குச் சூரியனைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

"சரியான பதில்" என்றான். பிறகு பன்றியின் பக்கம் திரும்பினான். "மொட்டைவாலா, காலையில நீ என்னமோ சொன்னியே. இன்னொரு தடவை சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"திரும்பிப் போறதுன்னா முதல்ல ஏறணும்னு சொன்னேன், வாத்தியாரே."

"இனிமே முன்னால நீ நட."

"ஐயையோ, வழி தெரியாதே எனக்கு."

"தெரியாதுங்கறது உனக்குத் தெரியுது. எனக்கு அதுகூடத் தெரியல. நட."

கீழே சீட்டிச் சத்தம் நெருங்கியது. வரையாட்டுக்காரி பாறையின் ஓரமாக ஒரு தடத்தைக் காட்டினாள். பெரிய மான்கள் நடுவில் மஞ்சாடியை விட்டு முன்னும் பின்னும் காத்துக்கொண்டு ஏறின. ஒரு குளம்பு வைக்கத்தான் இடம், அடுத்த குளம்புக்கு நம்பிக்கைதான். செந்நாய்கள் பாறையடிக்கு வந்தபோது, நாற்பது மான்களும் ஒரு பன்றியும் எட்டாத உயரத்தில் நின்றன. நாய்கள் அண்ணாந்து பார்த்தன, கொட்டாவி விட்டன, போய்விட்டன.

விடிந்ததும் மறுபடி ஏற்றம். வெயில் நெற்றியில் அடித்தது. இப்போது கொம்பழகன் கேள்வி கேட்கவில்லை. மான்களே ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.

"வெயில் எங்க அடிக்குது?"

"மூஞ்சியில."

"இது காலையா, மாலையா?"

"காலை."

"அப்ப நாம எங்க போறோம்?"

"கிழக்கே. மேலே!"

'கிழக்கே, மேலே' என்ற இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுந்ததும் மான்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மலை முழுக்க எதிரொலித்தது.

மறுநாள் நடுப்பகலில் கணவாய் வந்தது. உச்சியில் நின்று கொம்பழகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் கீழே. முன்னால் பார்த்தான். இந்தப் பக்கமும் கீழே. இரண்டுக்கும் நடுவில் அவன் நின்ற இடம் நான்கு குளம்பு அகலம்கூட இல்லை. முன்னால் தூரத்தில், முள்மரக் காட்டுக்கு நடுவே, நிறைந்த குளம் ஒரு தட்டுப் போலப் பளபளத்தது.

மொட்டைவாலன் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினான். "வாத்தியாரே, இப்ப இறங்கலாமா? இல்ல இன்னும் பாடம் பாக்கி இருக்கா?"

"இறங்கலாம். இங்கேருந்து பாத்தா கிழக்கு கீழதான்." சொன்ன பிறகுதான், பழைய தலைவர் குழறிய கடைசி வரியும் 'இங்கேருந்து பாத்தா' என்பதாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

மான்கள் வரிசையாக இறங்கத் தொடங்கின. தெரிந்த பதிலாக இருந்தாலும் இடம் மாறினால் கண்ணால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதால், இனி எந்தப் பதிலைச் சொன்னாலும் அது எந்த இடத்தில் நின்று சொல்லும் பதில் என்பதையும் சேர்த்தே சொல்வது என்று கொம்பழகன் முடிவு செய்தான்.