இருவாச்சியும் மூன்று கால் கேமராவும்

"பீப்... பீப்... பீப்... கிளிக்!"

இருட்டிய பிறகு காட்டில் அப்படியொரு சத்தத்தை மஞ்சாடி கேட்டதே இல்லை. மஞ்சாடி ஒரு பெண் இருவாச்சி. பெரிய மஞ்சள் அலகும் அதன்மேல் ஒரு கொண்டையும் உள்ள பறவை. சத்தத்தோடு ஒரு வெளிச்சமும் பளீரென்று வெட்டி மறைய, அவள் கிளையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

"என்னங்க, மின்னலா?"

"மின்னல் கீழேயிருந்தா அடிக்கும்? பேசாமத் தூங்கு" என்றான் கணவன் மருதன். "காலையில வாசல் அடைக்கிற வேலை பாக்கி இருக்கு."

மஞ்சாடிக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வெளிச்சத்தை நினைத்துப் பாதி, வாசலை நினைத்து மீதி.

இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய்விடும். ஆண் மண் கொண்டுவந்து கொடுக்கும். அவள் உள்ளே இருந்தபடியே அதைக் குழைத்துப் பூசி வாசலை அடைத்துக்கொள்வாள். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். அது வழியாகத்தான் பழம் ஊட்டுவான் கணவன். உள்ளே இருக்கும்போது அவளுடைய பறக்கும் இறகுகள் எல்லாம் உதிர்ந்துவிடும். பிறகு புதிதாக முளைக்கும்.

மஞ்சாடிக்கு இதுதான் முதல் முட்டை. வாசலை வெளியிலிருந்தே பாதி பூசியாகிவிட்டது. மீதியை உள்ளே போய்த்தான் அடைக்க வேண்டும். அதற்குத்தான் அவளுக்குக் கால் வரவில்லை.

"இறகெல்லாம் விழுந்தப்புறம் உள்ள உட்கார்ந்திருக்கப்போறது யாருங்க? நான்தானா, வேற யாராவதா?" என்று ஒருமுறை மருதனிடம் கேட்டாள்.

"நீதான்! பக்கத்து வீட்டுக்காரியா?" என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிந்ததும் மருதன் மண் எடுக்க ஓடைக்குப் போனான். மஞ்சாடி சத்தம் வந்த இடத்தைத் தேடிப் போனாள். அவர்கள் பொந்து இருந்த மரம் மலைச்சரிவில் நின்றது. எதிரே ஒரு பாறை. அதன்மேல் நின்றால் பொந்து நேர் எதிரில் தெரியும். பாறையில் மூன்று கால் வைத்த ஒரு கேமரா நின்றது. அதன் முன்னால் கருமந்திக் குரங்கு சொக்கன் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்கக்கா, வாங்க! உங்க பொந்தைப் படம் பிடிக்க ஒரு மனுஷன் வந்தான். ஆனை பிளிறிச்சு. இதை விட்டுட்டு ஓடிட்டான்! இந்தப் பித்தானை அமுக்கினா மூணு தடவை கத்தும். அப்புறம் நம்மள உள்ள எடுத்து வச்சுக்கும்."

"உள்ளயா? வலிக்குமாடா?"

"வலிக்கல. ஆனா என் மூஞ்சி இவ்வளவு கோணல்னு ராத்திரிதான் தெரிஞ்சுது!"

சொக்கன் அமுக்கினான். பீப், பீப், பீப், கிளிக்! முன்பக்கம் திருப்பியிருந்த சின்னத் திரையில் ஒரு பறவை தெரிந்தது.

மஞ்சாடி இதுவரை தன்னை ஓடைத் தண்ணீரில்தான் பார்த்திருக்கிறாள். தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது; அவளும் ஆடிக்கொண்டே இருப்பாள். இங்கே எதுவும் ஆடவில்லை.

"எனக்குக் கண்ணுல இவ்வளவு நீளமா இமைமயிர் இருக்கா!" என்று வியந்தாள். "இன்னொண்ணு எடுடா! இந்தப் பக்கம் எப்படி இருக்கேன்னு பார்க்கறேன்!"

"மகாராணி மாதிரி இருக்கே தாயி!" என்றது ஒரு குரல். புதருக்குள்ளிருந்து மரநாய் வந்தது. முட்டை என்றால் உயிரை விடும் பிராணி அது. ஆனால் இன்று அதன் பேச்சில் முட்டையே இல்லை. "வெயில்தான் சரியா விழல. பொந்து வாசல்ல ஒரு கொப்பு மறைக்குது. நீ கேமராவையே பாரு. நான் பின்னால போய் அந்தக் கொப்பை விலக்கிப் பிடிக்கிறேன்."

"ரொம்ப நல்ல மனசு உனக்கு" என்றாள் மஞ்சாடி.

இறக்கையை விரித்து ஒன்று. கழுத்தை ஒடித்து ஒன்று. வாலடியில் ஊறும் மஞ்சள் எண்ணெயை எடுத்து அலகில் பளபளவென்று பூசிக்கொண்டு ஒன்று. ஒவ்வொரு படமும் வந்ததும் தன் முகத்தை மட்டும் ஆசையாகப் பார்ப்பாள். "இன்னொண்ணு!" என்பாள்.

மருதன் அலகு நிறைய மண்ணோடு வந்து ஏதோ சொன்னான். "ம்ம்ம்ம்" என்றுதான் கேட்டது. மண்ணைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

"ஈரம் காயுது மஞ்சாடி! உள்ள போக வேணாமா?"

"ஒரே ஒரு படங்க!"

"வாசல் எங்க ஓடிப்போகுது மாப்ளே?" என்று மரத்திலிருந்து மரநாய் கேட்டது. "இறகு இருக்கும்போதே எடுத்துக்கட்டும். நாளைக்குக் காலை வெயில் இன்னும் ஜோரா இருக்கும். இன்னிக்கு ஒரு ராத்திரி திறந்து கிடந்தா என்ன?"

"ராத்திரி அலையற ஜென்மம் நீ. பகல்ல உனக்கு இங்க என்ன வேலை?"

"கலை ஆர்வம்தான்!"

மருதன் முறைத்துவிட்டு மறுபடி ஓடைக்குப் பறந்தான்.

பொழுது சாய்ந்தது. "தூக்கம் வருது தாயி" என்று கொட்டாவி விட்டபடி மரநாய் இறங்கிப் போனது.

"இது முழிக்கிற நேரமாச்சே அதுக்கு?" என்று சொக்கன் தலையைச் சொறிந்தான்.

மஞ்சாடியின் வயிற்றில் சுருக்கென்று ஒரு வலி இழுத்தது. முட்டை இனிப் பொறுக்காது. அவளுக்கு அழுகை வந்தது.

"சொக்கா, எல்லாப் படத்தையும் முதல்லேருந்து காட்டு. இவளை நல்லா மனசுல வச்சுக்கறேன். இனி இவ இருக்கமாட்டா."

சொக்கன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். முகம். முகம். மறுபடி முகம். பார்த்துப் பார்த்து முகம் அலுத்துப்போயிற்று. அப்போதுதான் அவள் கண் கொஞ்சம் கீழே இறங்கியது.

"நிறுத்து! அந்த இடது இறக்கையைப் பாரேன். ஏன் அப்படி வச்சிருக்கேன்?"

விரித்து நின்ற படத்தைத் தவிர மற்ற எல்லாப் படத்திலும் அவள் முகம் கேமராவைப் பார்க்க, இடது இறக்கை வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தது. அப்படி வைக்கச்சொல்லி யாரும் சொல்லவில்லை. வைத்தது அவளுக்கே தெரியாது.

'முட்டையைப் பொத்திக்கிட்டு நிக்கறவளும் நான்தானே? உள்ள போகப்போறவ இவதானே?'

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன்னில் இன்னும் என்னென்ன பார்க்காமல் விட்டோம் என்று தேடினாள். இறக்கையின் ஓரத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, பின்னால் மரத்துக்குக் கண் போயிற்று.

"சொக்கா, மரநாய் கொப்பைத்தானே பிடிக்கறேன்னு சொல்லிச்சு?"

"ஆமாக்கா."

"பிடிக்கலையே!"

முதல் படத்தில் மரநாயே இல்லை. அடுத்ததில் கொப்பு அதன்பாட்டுக்குத் தொங்கியது. மரநாயின் கண் பொந்தின் வாசலில் இருந்தது. அதற்கடுத்ததில் மூக்கு வாசலில் இருந்தது. கடைசிப் படத்தில், அவள் மறுபடி கழுத்தை அழகாக ஒடித்து நின்ற படத்தில், மரநாய் வாசலுக்குள் கையை விட்டு இடம் போதுமா என்று அளந்துகொண்டிருந்தது.

மஞ்சாடி வீறிட்டாள். அவள் சிறகு எழுப்பிய காற்றில் கேமரா சாய்ந்து விழுந்தது.

அவள் மரத்தை எட்டியபோது அடிமரத்தில் நகம் கீறும் சத்தம் கேட்டது. மஞ்சாடி பாதி வாசலில் உடம்பைத் திணித்தாள். தோள் சிராய்த்தது. உள்ளே விழுந்தாள்.

"என்னங்க! மண்ணு! மண்ணு கொண்டாங்க!"

நாளெல்லாம் உருட்டி வைத்த மண்ணோடு மருதன் மேல்கிளையில்தான் காத்திருந்தான். அவன் இறங்குவதற்குள் மரநாயின் மூக்கு வாசலில் நுழைந்துவிட்டது.

"என்ன தாயி, அதுக்குள்ள உள்ள போயிட்டே? நாளைக்குப் படம் எடுக்க வேணாமா?"

"எடுத்தாச்சு!" என்றாள் மஞ்சாடி. "உன் படமும் சேர்த்துத்தான் எடுத்தாச்சு!"

நாளெல்லாம் மஞ்சள் பூசிய அலகால் அந்த மூக்கில் ஓங்கி ஒரு போடு போட்டாள். மரநாய் அலறிக்கொண்டு பின்வாங்க, மருதன் மேலிருந்து பாய்ந்து ஒரு மோது மோதினான். அது கிளைக்குக் கிளை இடித்துப் புதருக்குள் விழுந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிற்று.

"கலை ஆர்வம் போதுமாய்யா?" என்று பாறையிலிருந்து சொக்கன் கத்தினான்.

மருதன் மண் உருண்டைகளை நீட்டிக்கொண்டே இருந்தான். மஞ்சாடி குழைத்துப் பூசினாள். நடுவில் அவளுடைய முதல் இறகு உதிர்ந்தது. அதைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. கடைசி உருண்டையை உள்ளேயிருந்து வைத்து அழுத்தினாள். அலகு நுழையும் கீறல் ஒன்றைத் தவிர வாசல் முழுதாக அடைபட்டது.

தன் படத்தில் முகத்தை மட்டும் ரசிக்கிறவர் ஏமாந்துபோவார். முழுப் படத்தையும் உற்றுப் பார்க்கிறவரோ தன்னையும் அறிவார், தன் முதுகுக்குப் பின்னால் நிற்பவரையும் அறிவார்.