சைலன்ட்டில் கிடந்த போன்

"காவி குடுப்பீங்களா, மாட்டீங்களா? இன்னைக்கே சொல்லிடுங்கம்மா."

கேட்டவர் தில்லைக்கூத்தன். அறுபது வயசு. வீடு வாசல் எல்லாத்தையும் உதறிவிட்டு மலைமேல் இருக்கும் இந்த மடத்துக்கு வந்தவர். குரு அரசியம்மாவுக்கு அவர் வயசில் பாதிதான் இருக்கும்.

"வாசல்ல ஒரு கார் நிக்குது. என்ன வேணும்னு பாத்துட்டு வாங்க ஐயா."

கேட்டது என்ன, கிடைத்தது என்ன! முணுமுணுத்துக்கொண்டே போனார்.

காருக்குப் பக்கத்தில் ஜெபமணி என்பவர் சார்ஜர் வயரோடு நின்றார்.

"கொஞ்சம் கரண்ட் கிடைக்குமா சார்? ஹைப்ரிட் வண்டி. கரண்ட்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும்."

"தினம் எதுல ஓட்டுறீங்க?"

"கரண்ட்லதான்."

"அப்புறம் பெட்ரோல் எதுக்கு? தண்டச் சுமை."

ஜெபமணி பின்சீட்டைப் பார்த்தார். அவர் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு வலிப்பு வரும் சார். ஆஸ்பத்திரிக்கு ஓடுறப்ப சார்ஜ் தீந்துட்டா?"

"தீந்திருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல."

தில்லைக்கூத்தன் திரும்பி வந்தார்.

"ரெண்டுங்கெட்டான் வண்டிம்மா அது. ஒண்ணை நம்பத் தைரியம் இல்ல. என்னை மாதிரி ஒரேயடியா அறுத்துட்டு வரணும்."

"கரண்ட் குடுத்தீங்களா?"

"வாசல்ல இருக்கறதே ஒரு பிளக். அதுல என் போன் கிடக்கு."

"யார்கூடயும் பேசுறதில்லன்னு சொன்னீங்க?"

"பேசுறதில்லதான். சைலன்ட்ல கிடக்கு. மாசாமாசம் ரீசார்ஜ் மட்டும் போடுவேன். இல்லாட்டி நம்பரைக் கட் பண்ணிடுவான்."

"பண்ணட்டுமே."

"எம்பையன்கிட்ட அந்த நம்பர்தாம்மா இருக்கு. சண்டை போட்டுட்டுப் போனவன். திடீர்னு கூப்பிட்டா?"

"கூப்பிட்டிருக்காரா?"

"இதுவரைக்கும்..."

நிறுத்திவிட்டார். வாசல் பக்கம் பார்த்தார். ஜெபமணி இன்னும் வயரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

அரசியம்மா எழுந்தார். தன் அறையில் ஓடிக்கொண்டிருந்த மேசை ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினார். நல்ல வெயில் நேரம். ஃபேன் நின்றது.

"போனை இங்க கொண்டாந்து போடுங்க. வாசல் பிளக்கை அவருக்கு விடுங்க."

தில்லைக்கூத்தன் நகரவில்லை.

"அப்ப காவி?"

"பையன் கூப்பிட்டா எடுப்பீங்களா?"

"எடுப்பேன்." கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது பதில். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப முதல்ல அந்த சைலன்ட்டை எடுத்து விடுங்க ஐயா."