வேலாண்டி கட்டிய வாள்

ஒரு காட்டில், சிறுத்தையே பார்த்து ஒதுங்கிப்போகும் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. அதன் பெயர் வேலாண்டி. முதுகு நிறைய முள். சிலிர்த்துக்கொண்டு நின்றால் ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள். ஒருமுறை ஆசைப்பட்டு வந்த சிறுத்தை, பாதத்தில் முள் ஏறி மழைக்காலம் முழுக்க நொண்டிக்கொண்டு திரிந்தது.

அதே காட்டில் சிங்காரம் என்றொரு கருங்குரங்கும் இருந்தது. அதற்குப் பகட்டு என்றால் உயிர். கூடாரம் போட்டுத் தங்கியிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், கிளம்பும் அவசரத்தில் தன் வாளை மறந்துவிட்டுப் போனார். சிங்காரம் அதைக் கண்டெடுத்தது.

அது போருக்குப் போகும் வாள் அல்ல, பிள்ளைகளே! துரைமார்கள் விருந்துக்குப் போகும்போது அழகுக்காக இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளும் வாள். பிடியில் தங்கப் பூச்சு, அதில் ஒரு பட்டுக் குஞ்சம், உறை முழுக்கப் பூவும் கொடியும். சிங்காரம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தது.

"துரை வர்றாரு, வழி விடுங்க!" என்று மான்கள் ஒதுங்கின. நீர்த்துறையில் படுத்திருந்த காட்டெருமை எழுந்து இடம் கொடுத்தது.

வேலாண்டிக்கு வயிறு பற்றி எரிந்தது. "நேத்துவரைக்கும் பேன் பார்த்துத் தின்னவன், இன்னைக்குத் துரையாம்!" என்று முணுமுணுத்தது. கிழங்கைத் தோண்டினால் தங்கப் பிடி நினைவுக்கு வந்தது. கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

"அது வெறும் தகரம்!" என்று மயிலிடம் போய்ச் சொல்லிப் பார்த்தது.

"தகரமோ தங்கமோ, உன்கிட்ட அதுவும் இல்லையே?" என்றது மயில்.

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. வேலாண்டி தன் தோழன் முயலிடம் போய்ப் புலம்பியது. "என் முதுகுல எத்தனை வேல் இருக்கு! எனக்காக ஒருத்தனாவது எழுந்து நின்னிருக்கானா?"

"உங்களைப் பார்த்தா சிறுத்தையே ஓடுதே அண்ணே, அது மரியாதை இல்லையா?"

"போடா! ஓடுறது பயம். எழுந்து நிக்கிறதுதான் மரியாதை. எனக்கு அதுதான் வேணும்."

ஒருநாள் மத்தியானம் சிங்காரம் அத்திமரத்தடியில் உலாத்திக்கொண்டிருந்தது. புதருக்குள் சிறுத்தையின் வாடை அடித்தது. அவ்வளவுதான், சிங்காரம் வாளைக் கழற்றி வீசிவிட்டு ஒரே தாவலில் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது.

மறைவிலிருந்து வேலாண்டி அதைப் பார்த்தது. ஆபத்து என்றதும் வாள்காரனே வாளை வீசிவிட்டு ஓடுகிறானே என்று அது யோசித்ததா? இல்லை. அதன் கண்ணில் பட்டதெல்லாம் தரையில் கிடந்த தங்கப் பிடிதான். வாளைக் கவ்வித் தன் வளைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

"டேய், சீக்கிரம் இதைக் கட்டிவிடு!" என்று முயலை அழைத்தது.

வாளோடு இருந்த தோல் வார், துரையின் இடுப்புக்குச் செய்தது. வேலாண்டிக்குக் கழுத்திலிருந்து வால்வரை சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் நிமிர்ந்த முள்ளின்மேல் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது.

"முள்ளையெல்லாம் படுக்க வச்சாத்தான் வார் நிக்கும் அண்ணே."

"படுக்க வை."

"அப்புறம் உங்களால சிலிர்க்க முடியாதே?"

"எனக்கு இனிமே முள் எதுக்குடா? வாள் இருக்கு. இழுத்துக் கட்டு!"

முயல் பல்லால் கவ்வி இழுத்துக் கட்டியது. வேலாண்டிக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் குஞ்சம் ஆடுவதைப் பார்த்ததும் முட்டிய மூச்சும் இனித்தது. வாள் தரையில் தடதடவென்று இழுபட, நேரே நீர்த்துறைக்கு நடந்தது.

மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. காட்டெருமை சேற்றில் படுத்திருந்தது. வேலாண்டி தொண்டையைக் கனைத்தது. அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காட்டெருமை சடாரென்று எழுந்து நின்றது!

வேலாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "இருக்கட்டும், இருக்கட்டும், உட்காருங்க" என்றது.

ஒருவரும் உட்காரவில்லை. மறுகணம் துறையே காலி. வேலாண்டி திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தது. பின்னால் சிறுத்தை நின்றது.

வேலாண்டி சிலிர்க்கப் பார்த்தது. ஒரு முள்கூட எழவில்லை. பதறிப்போய் வாயால் பிடியைக் கவ்வி வாளை உருவியது. பளபளவென்று வந்தது வாள். ஓங்கி ஒரு வீச்சு வீசியது. அது சிறுத்தையின் மீசையைத் தடவிக்கொடுத்ததே தவிர, ஒரு மயிரைக்கூட அறுக்கவில்லை.

சிறுத்தை சிரித்தது.

"உன்னை யாராவது கட்டிப்போட்டுத் தரமாட்டாங்களான்னு எத்தனை நாளா ஏங்கிக்கிட்டிருந்தேன் தெரியுமா? நீயே கட்டிக்கிட்டு வந்து நிக்கிறியே, வேலாண்டி!"

வேலாண்டி பதில் சொல்ல வாயைத் திறந்தது. ஆனால் சிறுத்தைக்குப் பசி.

நீதி: பிறர் இடுப்பில் இருப்பதைப் பார்த்துப் பொருமுகிறவன், தன் முதுகில் இருப்பதை இழப்பான்.