பார்த்தாலே பசிக்கும் படம்

சிவகாசியில் ஒரு சந்துக்குள்ளே மூன்று ஓவியர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். ஆண்டவன் அவர்கள் கையில் கலையைக் கொடுத்தான், மனசில் நல்ல குணத்தைக் கொடுத்தான். மூளை கொடுக்கிற நேரத்தில் மூவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

ஊறுகாய், ஊதுபத்தி, சேமியா என்று எதற்கும் மேலட்டைப் படம் வரைந்து கொடுப்பார்கள். மூவரில் பெரியவர் சோலைக்கனி. பாவம், அவருக்குத்தான் நெஞ்சு படபடப்பு. கையில் இருந்தது ஒரே ஒரு வேலை. அதுவும் போனால் பட்டறையை மூடிவிட்டு மாமனாரின் உரக்கடையில் மூட்டை தூக்கப் போகணும். சும்மாட்டுக்கு மாமனார் புதுத்துண்டே வாங்கி வைத்துவிட்டார்.

வேலை கொடுத்தவர் அப்பளக் கம்பெனி முதலாளி குணசீலன். "படத்தைப் பார்த்தாலே பசிக்கணும். பசிக்கலைன்னா எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாழையிலை, குழம்புக் கிண்ணம், நடுவிலே பொன்னாகப் பொரிந்த அப்பளம். படம் லட்சணமாக வந்தது. பசிக்கிறதா என்று பார்க்கணுமே? மூவரில் சின்னவன் அரியமுத்து வயிறு முட்ட இட்லி தின்றுவிட்டுப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தான். ஏப்பம்தான் வந்தது. சோலைக்கனி முருகனை வேண்டிக்கொண்டார். உச்சிவெயில் சாய்கிற நேரத்தில் அரியமுத்து வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, லேசாப் பசிக்குது."

"படம் வேலை செய்யுதுலே," என்றார் சோலைக்கனி. "ஆனா மெதுவா செய்யுது. கடைக்கு வர்றவன் அதுவரைக்கும் நிப்பானா?"

இன்னொரு ஓவியன் பால்ச்சாமி யோசித்துச் சொன்னான். "கிண்ணம் மறிக்குது அண்ணாச்சி."

கிண்ணத்தின் மேல் வெள்ளையடித்தார்கள். மறுநாள் அவசரத்தில் அரியமுத்து ஒரே ஒரு இட்லிதான் தின்றான். வெயில் ஏறுமுன்னே பசித்தது. "கிண்ணந்தான் மறிச்சிருக்கு" என்று மூவரும் தலையாட்டினார்கள். இலைக்கும் வெள்ளையடித்தார்கள். அடுத்த நாள் அரியமுத்துவுக்குக் கிருத்திகை விரதம். உட்காருமுன்னே பசித்தது.

தூசி படாமல் இருக்கப் படத்துக்குத் துணி போர்த்தினார்கள். அப்போதும் அவனுக்குப் பசித்தது.

"துணியைத் தாண்டி வேலை செய்யுது அண்ணாச்சி."

சோலைக்கனி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை குணசீலன் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை வாயோடு வந்தார். "துணியை எடுங்கப்பா."

"வேண்டாம் முதலாளி. படம் உக்கிரமா இருக்கு, உங்க உடம்பு தாங்காது," என்று சோலைக்கனி தடுத்தார். "துணியோடயே பாருங்க. பசிக்குதா?"

"இப்பத்தான்யா மறுபடியும் பாயசம் வாங்கிக் குடிச்சேன்."

சோலைக்கனியின் கண்முன்னே உரமூட்டைகள் வரிசையாக வந்து நின்றன. அவர் கண்ணைக் காட்ட, பால்ச்சாமி கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தான். "வேலை செய்யட்டும் முதலாளி. கொஞ்சம் பொறுங்க."

முதலாளி அதட்டினார், கதவைத் தட்டினார், கடைசியில் நாற்காலியில் ஓய்ந்து போனார். விளக்கு வைக்கிற நேரம் வந்தது.

"யப்பா, தலை சுத்துது. பசிக்குதுய்யா. படம் பிரமாதம். வேலை உங்களுக்குத்தான், அச்சுக்கு அனுப்புங்க. கதவைத் திறங்கடா."

திறந்ததும் எதிர்த்த புரோட்டாக் கடைக்குள் ஓட்டமாக ஓடினார். சோலைக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. நிறைந்த மனசோடு துணியை எடுத்தார். வெறும் வெள்ளைத்தாள் இருந்தது.

"அப்பளம் எங்கலே?"

"காலையில நான்தான் வெள்ளையடிச்சேன்," என்றான் பால்ச்சாமி. "இலை போனதும் வேகம் கூடிச்சுல்ல, அதான்."

சோலைக்கனி தாளையே உற்றுப் பார்த்தார். அவர் வயிறு கடமுடவென்றது.

"சரிதான். இதுக்குமேல யாரும் ஒரு கோடுகூடப் போடாதீங்க. கெட்டுப்போகும்."

"கையெழுத்து போடலையே அண்ணாச்சி?" என்று அரியமுத்து தூரிகையை எடுத்தான்.

"போடு. படத்துமேல படாம ஓரமாப் போடு."