காராயி விட்டுவைத்த புல்

பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவிக்கு இந்தப் பெயர் கிடையாது. மஞ்சக்கால் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். பரம சாது அது. உயர்ந்த புல்லுக்குள் முட்டையிடும், சத்தம் காட்டாமல் அடைகாக்கும், சத்தம் காட்டாமல் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

அப்போதுதான் வீரகேது என்ற அரசன், நெருப்பை உமிழும் கரும்பாழி என்ற அசுரனோடு போருக்கு வந்தான். அந்தப் போரைப் புலவர்கள் பாடிப் பாடித் தீர்த்துவிட்டார்கள். அரசனின் வில்லுக்கு ஒரு படலம், தேருக்கு ஒரு படலம், குதிரையின் பிடரிமயிருக்குக்கூட ஒரு படலம். அத்தனை குதிரைகளும் என்ன தின்றன என்று மட்டும் ஒரு புலவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. காவியக் குதிரைகள் காற்றைக் குடித்தே வயிறு நிரப்பும் போலிருக்கிறது.

அவை தின்றது புல். அறுத்துப் போட்டவர்களில் ஒருத்தி காராயி. படை தங்கியிருந்த பாளையத்தை ஒட்டிய பெரும்புல்வெளியில் பொழுதுக்கும் அரிவாள் வீசினாள். அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி சடையன். அவனும் புல்லறுக்கத்தான் வந்தான். கை நீளமாக இருக்கிறதே என்று ஒரு ஈட்டியைக் கொடுத்துக் காலாட்படையில் நிறுத்திவிட்டார்கள்.

புல்லறுப்பவர்களிடம் ஒரு முறை உண்டு. அரிவாள் போகும் வழியில் கூடு தென்பட்டால், சுற்றிலும் ஒரு குத்துப் புல்லை நிற்க விட்டுத்தான் அறுப்பார்கள். குளம்படி படாமல் இருக்கட்டும் என்று காராயி மஞ்சக்கால் குருவியின் கூட்டைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாகவே விட்டுவைத்தாள். ஆனாலும் படைவீரர்கள் அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார்கள். குருவி நடுங்கிப்போயிற்று.

"இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தா மிதிச்சுட்டுத்தான் போவாங்க" என்றாள் காராயி. "கூட்டுக்கிட்ட ஆளு வந்தா, ஆளு ஆளுன்னு தொண்டை கிழியக் கத்து. எங்க இருந்தாலும் ஓடியாந்துடறேன்."

"எனக்குக் கத்தத் தெரியாதே."

"கத்தினா வந்துட்டுப் போகுது."

குருவி கற்றுக்கொண்டது. அது கத்தும், காராயி அரிவாளும் கையுமாக ஓடுவாள், வந்தவனைத் திட்டி விரட்டுவாள். இருவருக்கும் அது பழகிப்போயிற்று.

போருக்கு முந்திய நாள் உச்சிப்பொழுதில் சடையன் ஓடிவந்தான். ஈட்டியைக் காணோம். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, என்னை எங்கயாவது மறைச்சு வை."

"என்னடா ஆச்சு?"

"நாளைக்கு எங்களைத்தான் முன்னால நிறுத்துறாங்க. அசுரன் வாயில இருக்கிற நெருப்பு தீர்ற வரைக்கும் நாங்க எரியணுமாம். தீர்ந்த பெறகு ராசா தேரை ஓட்டிக்கிட்டு வருவாராம். என் காதால கேட்டேன்க்கா."

காராயி சுற்றும்முற்றும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மொட்டைத் தரை. ஒரு முயல் ஒளியக்கூட இடமில்லை. எல்லாம் அவளும் அவளைப் போன்றவர்களும் அறுத்தது. அத்தனை பெரிய வெளியில் நின்றது அவள் விட்டுவைத்த அந்தக் குத்துப் புல் ஒன்றுதான்.

"அதுக்குள்ள போய்ப் படு. முட்டை இருக்கு, பார்த்து."

அவன் தவழ்ந்து உள்ளே போனான். குருவி கூட்டில் இல்லை, தண்ணீருக்குப் போயிருந்தது. வந்ததும் சொல்லிவிட வேண்டும், இவன் என் தம்பி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பியவள், குதிரைகள் வருவதைக் கண்டாள்.

முன்னால் வந்தவன் குதிரைப்படைத் தலைவன். "இந்தப் பக்கம் ஒருத்தன் ஓடிவந்தானா?"

"வந்தானுங்க சாமி. ஏரிக்கரைப் பக்கம் ஓடினான்." காராயி புல்கட்டை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

தலைவன் வெறும் தரையை ஒரு சுற்றுப் பார்த்தான். குதிரையை ஏரிப்பக்கம் திருப்பினான். பின்னால் வந்தவர்களும் திருப்பினார்கள். காராயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் குருவி வந்து சேர்ந்தது.

தன் முட்டைகளின் பக்கத்தில் ஓர் ஆள் படுத்திருப்பதைக் கண்டது. புல்லுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டு, "ஆளு! ஆளு!" என்று தொண்டை கிழியக் கத்தியது. கத்திக்கொண்டே காராயியைப் பார்த்தது. ஏன் இன்னும் ஓடி வராமல் நிற்கிறாள் என்று அதற்குப் புரியவில்லை. இன்னும் பலமாகக் கத்தியது.

குதிரைகள் திரும்பின.

சடையனை இழுத்து வந்தார்கள். காராயி தலைவனின் குதிரைக்கால்களைக் கட்டிக்கொண்டு கதறினாள். "என் தம்பி சாமி! உங்க குதிரைக்குப் புல்லறுத்த கை சாமி அது!" குதிரை ஒருமுறை காலை உதறியது. அவ்வளவுதான், அவள் போய்த் தூர விழுந்தாள். ஓடியவன் என்று சொன்னால் மற்றவர்களுக்கும் ஓடத் தோன்றும் அல்லவா? அதனால் அசுரன் அனுப்பிய ஒற்றன் என்று சொல்லி, அந்த இடத்திலேயே ஈட்டியால் குத்திப் போட்டார்கள்.

"அந்தப் புல்லையும் அறுத்துப் போடு" என்று சொல்லிவிட்டுத் தலைவன் போய்விட்டான்.

குருவி தயங்கித் தயங்கிக் கூட்டருகே இறங்கியது. நான்கு முட்டைகளும் முழுசாக இருந்தன. வெயில் படாமல் சடையன் தன் தலைத்துண்டை அவற்றின் மேல் போர்த்தியிருந்தான். அதைப் பார்த்த குருவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீதானே கத்தச் சொன்னே" என்றது.

"நான்தான் சொன்னேன்" என்றாள் காராயி.

தம்பியின் உடலுக்குப் பக்கத்தில் குனிந்து, அந்தக் கடைசிக் குத்துப் புல்லையும் அறுத்தாள். வழக்கமாகக் குருவியை ஏதாவது கேலி பேசிக்கொண்டே அறுப்பாள், அன்று அரிவாள் சத்தம் மட்டுந்தான் கேட்டது. முட்டைகள் வெறுந்தரையில் கூழாங்கற்களோடு கிடந்தன. குருவி அவற்றின் மேல் உட்கார்ந்தது.

"இனி எனக்கு மறைப்பே வேண்டாம்" என்றது. "ஆளைக் கண்டால் தலைக்கு மேலே வந்து கத்தமாட்டேன். தூரத்தில் வரும்போதே கத்துவேன். எங்கேயாவது எவனாவது ஒளிந்திருந்தால் அவன் ஓடிப் பிழைக்கட்டும்."

காராயி அரிவாளை இடுப்பில் செருகினாள். புல்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு பாளையத்தை நோக்கி நடந்தாள். குதிரைகள் காத்திருந்தன.

மறுநாள் வீரகேது வென்றான். அவன் முகத்தின் ஒளியைக் கண்டே அசுரனின் நெருப்பு அவிந்துபோயிற்று என்று புலவர்கள் பாடினார்கள். நெருப்பில் எரிந்து கரியானவர்களைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல் இல்லை. சடையனுக்கு மட்டும் ஒரு வரி கிடைத்தது: தெய்வம் ஏவிய பறவை ஒன்று ஒற்றனைக் காட்டிக்கொடுத்ததாம்.

அன்று முதல்தான் அந்தக் குருவி மறைவே இல்லாத வெட்டவெளியில், கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. அன்று முதல்தான் மனிதத் தலை தூரத்தில் தெரிந்தாலே பதறிப்போய்க் கத்துகிறது. அது யாரோ ஒருவனை ஓடச் சொல்லிக் கத்துகிறது, நாமோ புலவர்களின் பேச்சைக் கேட்டு அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம்.