கோடு விழாத படம்

"வந்து பதினோரு நாளாச்சு மேடம். இன்னும் ஒண்ணுமே சொல்லித் தரலியே."

அருளப்பன் கேட்டேவிட்டார். கேட்ட பிறகு கூச்சமாக இருந்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஸ்கேன் அறைக்குப் பொறுப்பான நூருன்னிசாவுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது.

ஆனால் ஸ்கேன் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள், நூருன்னிசா அறைப் படத்தில் கோடு விழாது என்று.

உடம்பில் நகையோ ஊக்கோ கிடந்தால், சி.டி. ஸ்கேன் படத்தில் அதைச் சுற்றி வெயில் தெறிக்கிற மாதிரி வெள்ளைக் கோடுகள் விழும். கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அது விழாமல் இருக்க என்ன வித்தை என்று தெரிந்துகொள்ளத்தான் அருளப்பன் மாற்றல் கேட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

"சொல்லித் தர்றேண்ணே. முதல்ல வெளிய பெஞ்சுல உட்கார்ந்து வர்றவங்ககிட்டப் பேசுங்க."

"அதைத்தானே தினமும் செய்றேன்."

"என்ன பேசினீங்க?"

"பேரு, வயசு, நகையைக் கழற்றுங்க. வேற என்ன பேச?"

நூருன்னிசா சிரித்தாள். "அப்ப இன்னும் ஆரம்பிக்கலை."

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. பெஞ்சில் உட்காரவா மூன்று மாதம் கோயம்புத்தூரில் தங்கி, கம்ப்யூட்டரில் கோடு அழிக்கப் படித்துவிட்டு வந்தார்?

அன்று பகல் நூருன்னிசா மீட்டிங்குக்குப் போயிருந்தபோது முத்துப்பேச்சி வந்தாள். இருபத்துநாலு வயது. ரெண்டு மாதமாக விடாத இருமல். சளியில் கிருமி இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாவிட்டால், சந்தேகத்துக்கு ஆறு மாதம் டிபி மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கூட வந்த மாமியார் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. அது தாயைப் பார்த்துக் கையை நீட்டியது. மாமியார் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"பிள்ளையைத் தொட்டு ரெண்டு மாசமாச்சு சார்," என்றாள் முத்துப்பேச்சி.

"எல்லாம் சரியாயிடும். கவுனை மாத்திக்கிட்டு, தாலியைக் கழற்றி வை."

அவள் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். "அவரு கடல்ல கிடக்காரு. நான் இங்க வெறுங்கழுத்தா நிக்கவா?"

"அதெல்லாம் ஆகாது," என்றாள் மாமியார் வாசலிலிருந்தே.

"சரி, அப்படியே படு. மெஷின் பார்த்துக்கிடும்."

படம் வந்தது. நெஞ்சு முழுக்கக் கோடு, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. அருளப்பன் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். வெள்ளையாக மின்னிய ஒவ்வொன்றையும் தேடிக் குறி போட்டார். பொத்தானை அமுக்கினார். கழுவிவிட்ட முற்றம்போல ஆகிவிட்டது படம்.

நூருன்னிசா திரும்பி வந்ததும் காட்டினார்.

"ஒரு கோடு இருக்கா பாருங்க. நெஞ்சுல ஒண்ணுமே இல்லை. கையெழுத்துப் போடுங்க."

அவள் பார்த்தாள். "எத்தனை இருந்துச்சு?"

"யாரு எண்ணினா? முன்னாடி எடுத்த எக்ஸ்ரேயைப் பாருங்க, அதுலயும் ஊக்கு மயம். தாலியில மாலை மாதிரி கோத்திருக்கா."

"அழிச்ச இடத்துல எதைப் போட்டீங்க?"

"மெஷினே அக்கம்பக்கத்தைப் பார்த்து நிரப்பிக்கும்."

"அண்ணே, உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப, வீட்டுக்குள்ள போனீங்களா? அக்கம்பக்கத்தை விசாரிச்சுட்டே திரும்பிட்டீங்களா?"

அருளப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்க எப்படித்தான் கோட்டை எடுக்கிறீங்க? அந்த வித்தையைத்தானே கேட்கிறேன்!"

நூருன்னிசா எழுந்து மேசை டிராயரை இழுத்தாள்.

அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கண்டு மஞ்சள் கயிறு. மஞ்சள் கிழங்குத் துண்டுகள். வெறும் நூலில் கோத்த கருகமணி. சின்னதாக ஒரு மரச்சிலுவையும் இருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவள் கயிற்றில் ஒரு கிழங்குத் துண்டை முடிந்து, வெளியே கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்தாள். "உங்க கையாலயே கட்டிவிடுங்கம்மா. இது ஏறின பிறகு அது இறங்கட்டும்."

மாமியார் கயிற்றைப் பார்த்தாள். நூருன்னிசாவைப் பார்த்தாள். பிள்ளையைப் பெஞ்சில் இருந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து மருமகள் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டாள். பிறகு தாலிச் சங்கிலியைத் தானே கழற்றித் தட்டில் வைத்தாள்.

"தட்டுல என்ன இருக்குண்ணே?"

"சங்கிலி. அஞ்சு ஊக்கு."

"எழுதிக்கிடுங்க. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் எடுப்போம்."

படம் வந்தது. மஞ்சளும் கயிறும் இருந்த இடமே தெரியவில்லை. கோடெல்லாம் போய்விட்டது.

ஒன்றைத் தவிர.

"பார்த்தீங்களா! எங்கயோ ஒண்ணைக் கழற்றாம படுத்திருக்கா."

"உடம்புல கவுனும் கயிறும்தான் இருக்கு. நான் பார்த்துட்டேன்."

அருளப்பன் குனிந்து பார்த்தார். கோடு தோலுக்கு மேலிருந்து கிளம்பவில்லை. வலது பக்கம், மூச்சுக்குழாய் பிரிகிற இடத்திலிருந்து கிளம்பியது.

திரையின் ஓரத்தில் பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது. முதல் படத்தில் இதையும் சேர்த்துத்தான் குறி போட்டிருந்தார்.

"அழிங்களேண்ணே," என்றாள் நூருன்னிசா. "நீங்க படிச்ச படிப்புதானே."

அவர் கையை எடுத்துக்கொண்டார். எழுந்து உள்ளே போனார்.

"தாயி, ஒண்ணு கேட்கிறேன். சேலை கட்டும்போது, கொசுவம் வச்சு முடிக்கிற வரைக்கும், ஊக்கை எங்க வச்சிருப்பே?"

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்பிளை கேட்கிற கேள்வியா இது?

"கை ரெண்டும் கொசுவத்துல இருக்குமே சார்," என்று சிரித்துக்கொண்டே முத்துப்பேச்சி விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

விரல் அங்கேயே நின்றது.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் பிள்ளை கட்டில்ல இருந்து விழப் பார்த்துச்சு. ஏய்னு கத்தினேன். ஒரே இருமலா வந்துச்சு. ஊக்கைத் தரையெல்லாம் தேடினேன் சார்."

நூருன்னிசா அதற்குள் போனை எடுத்திருந்தாள். "நெஞ்சு டாக்டருங்களா? குழாய் விட்டு எடுக்க வேண்டிய கேஸ் ஒண்ணு. இன்னைக்கே முடியும்ல? மாத்திரையெல்லாம் வேண்டாம்."

மாமியார் வெளியே போய்ப் பிள்ளையை வாங்கி வந்து தாயின் மடியில் இறக்கினாள். அது மஞ்சள் கயிற்றை எட்டிப் பிடித்தது.

அருளப்பன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த ஆள், காதில் கடுக்கன் போட்ட ஒரு பெரியவர், பேரும் வயசும் எழுதிய சீட்டை நீட்டினார்.

அருளப்பன் சீட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"வாங்கய்யா. என்ன வேலை பார்க்கிறீங்க?"